பாலத்தருகே குடித்த டீ

அமைதி திரும்பிவிட்டதாம். நான் தூதராக இருந்த நாட்டைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். ஒரு நாள்கூட அங்கே நின்றிராதவர்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சிதம்பரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மகன் செல்போனை நீட்டினான். செம்மங்குப்பத்தில் கான்ட்ராக்ட் வெல்டர் அவன்.

"மாமா, நீங்க இருந்த நாடுதான். வேல கெடச்சிருக்கு. அங்க ஒரு பாலத்த புதுசா கட்டறாங்க. சண்டயெல்லாம் முடிஞ்சிபோச்சாம்."

படத்தில் ஒருவன் பாலத்தின் முன்னால் ரிப்பன் வெட்டி வேலையைத் தொடங்கிவைத்துக்கொண்டிருந்தான். சீருடை புதிது, மீசை பழையது. அந்தப் பகுதிக்கே இப்போது அவன்தான் பாதுகாப்பு அதிகாரியாம். சண்டைக் காலத்தில் கிளர்ச்சிக் கும்பலுக்குத் தலைவனாக அதே பாலத்தில் துப்பாக்கியோடு வழிமறித்துக்கொண்டிருந்தவன். அவன் ஆட்கள் சுட்டு நம் நாட்டுத் தொழிலாளிகள் இருவர் செத்தார்கள். உடல்களைக் கேட்டு நான்தான் போனேன். டீ வரவழைத்தான். கொடுப்பதை மறுக்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். மறுத்தால் உடல்கள் கிடைக்காது. குடித்தேன். சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டான், பாவி.

ஒரு ஒப்பந்தம் போட்டால் போதும். கொலைகாரனுக்குச் சீருடை தைத்துக் கொடுத்து, அதற்கு மாற்றம் என்று பெயரும் வைத்துவிடுவார்கள்.

"போகாதடா" என்றேன். நடந்ததைச் சொன்னேன். டீ குடித்ததை மட்டும் சொல்லவில்லை.

"அது அப்ப மாமா. இப்ப அவுங்க கவர்மெண்ட்டு ஆளுங்க. இங்க கான்ட்ராக்ட்லயே இன்னும் எத்தன வருஷம் ஓட்றது?"

வெளிநாடு கிளம்புகிறவனுக்குத் தாய்மாமன் திருநீறு பூசி அனுப்புவது எங்கள் குடும்ப வழக்கம். அதற்காகவே தாயும் மகனும் பெட்டியோடு திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக்கு வந்து நின்றார்கள். பூச மாட்டேன் என்று கத்தினேன்.

"கெளம்பற புள்ளகிட்ட இப்படிப் பேசுறியே அண்ணே!" என்று தங்கை அழுதாள்.

அவன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பூசினேன். கோபத்தில் அள்ளிப் பூசியதில் அவன் கண்ணிலும் கொஞ்சம் விழுந்தது.

நேற்று அங்கிருந்து கூப்பிட்டான். குரலில் அத்தனை சந்தோஷம்.

"மாமா, அந்த ஆபீசர் சைட்டுக்கு வந்தாரு. நீங்க என் மாமான்னு சொன்னேன். உங்கள நல்லா ஞாபகம் இருக்காம். ஒக்கார வச்சி டீ குடுத்தாரு. உங்களுக்கும் குடுத்தாராமே, சொல்லவே இல்ல?"

"குடிச்சியா?" என்றேன்.

"பின்ன? அவரு குடுக்கறப்ப வேணாம்னா சொல்ல முடியும், மாமா?"