புத்துக் காளான்

டெல்லியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மயூர் விஹார் குடியிருப்பிலிருந்து இருபது பேர் பக்கத்துப் பூங்காவுக்குக் காளான் பார்க்கப் போனோம். கூட்டிப்போன இளைஞனை எல்லோரும் இந்தியில் அண்ணன் என்று பொருள்படும் பையா என்றே அழைத்தோம். கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் படங்கள் ஒட்டிய அட்டை. பார்க்கலாம், படமெடுக்கலாம், வாயில் மட்டும் வைக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னான். அவன் சொன்னது சரிதான். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. துணைக்கு வந்தவள் அப்பாவின் தங்கை. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியில் காய்கறிப் பெயர்களைத் தாண்டி அவளுக்கு அதிகம் தெரியாது.

ஒரு கரையான் புற்றின் அடியில் வெள்ளைக் குடைகள் விரிந்திருந்தன. பையா அட்டையைப் புரட்டினான், அகப்படவில்லை. அத்தை குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள். காம்பு வேர்போல நீண்டு மண்ணோடு வந்தது.

"இது புத்துக் காளான். கொழம்பு வெச்சா கறி தோத்துப்போயிடும்."

கூட்டத்தின் காதில் 'புத்து' மட்டும்தான் விழுந்தது. இந்தியில் அது மடையன்.

"புத்தூ மஷ்ரூம்! புத்தூ ஆன்ட்டி!"

பிள்ளைகள் குதித்தார்கள். பையாவும் சிரித்துவிட்டு, ஆன்ட்டி என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டான். டெல்லியில் பிறந்த எனக்கும் அந்த ஒரு புத்தூதான் தெரியும். விளக்க வார்த்தை இல்லாத ஆத்திரத்தில், "கானே வாலா ஹை!", தின்கிறதுதான், என்று கத்தினேன். அத்தையின் கையிலிருந்ததில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க மென்றேன்.

சிரிப்பு நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அத்தை என் தாடையைப் பிடித்தாள். "துப்புடி! துப்புடி கழுதை!" இரண்டு விரல்கள் தொண்டைவரை வந்தன. கடித்தேன். அவள் எடுக்கவில்லை. காலையில் தின்ற இட்லியும் சேர்ந்து வெளியே வந்தது. பிறகு அத்தனை பேர் முன்னால் பையாவிடம் கைகூப்பி, "கலத், பையா. மேரா கலத்" என்று தெரிந்த அரைகுறை இந்தியில் தப்பு தன்னுடையது என்றாள்.

வீட்டு வாசலில்தான் நான் வாய் திறந்தேன். "நீதானே திங்கலாம்னு சொன்னே? அப்புறம் ஏன் பயந்தே? நீ நெஜமாவே புத்தூ."

அவள் விரலைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு மாடி ஏறினாள்.

அது தின்னும் காளான்தான் என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இருந்ததில்லை. பல வருடம் கழித்துக் கேட்டபோது, "நானா இருந்தா ரெண்டு தின்னிருப்பேன்டி" என்றாள். தான் தின்னத் துணிந்ததை நான் தின்ன விட அவள் துணியாததற்கு, கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.