குடும்பப் பெயர் சின்னக்கண்ணு

சிங்கப்பூரில், மார்சிலிங்கில் நான் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் "மேடம் ஆறுமுகம்!" என்று கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன். ஆறுமுகம் என் அப்பா. திருச்சியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மீசையை இன்னும் முறுக்கித்தான் வைத்திருக்கிறார். ஊரில் இருந்தவரை என் பெயருக்கு முன்னால் ஒரே எழுத்தாக, ஒரு புள்ளியோடு அடக்கமாக இருந்தார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை நிரப்ப அவரை முழுசாக இழுத்துப் போட்டதில் வந்த வினை. தேவகி என்று ஒருத்தி இருப்பது இங்கே என் வீட்டுக்காரருக்கும் கடை முதலாளிக்கும்தான் தெரியும். முதல் வருடம் கோபம் வந்தது. இப்போது பேசாமல் அப்பாவின் பெயரில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறேன்.

எனக்கு வேலை லிட்டில் இந்தியாவில், பழைய படங்களை ஸ்கேன் செய்து பழுது பார்க்கும் கடையில். போன மழைக்காலத்தில் மெல்பர்னிலிருந்து ஹன்னா என்ற பெண்மணி வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். மூன்று பிஸ்கட் டின்கள் நிறைய நெகட்டிவ்கள், ஒரு நோட்டு. எல்லாம் அவருடைய அப்பாவின் சொத்து. அப்பா வியன்னாவில் போட்டோகிராபர், யூதர். ஹிட்லரின் ஆட்கள் கடையைப் பிடுங்கிக்கொண்டதும், எந்தத் துறைமுகம் உள்ளே விடுமோ அங்கே இறங்குவது என்று கப்பலேறி, சிங்கப்பூரில் இறங்கியிருக்கிறார். சிராங்கூன் ரோட்டில் ஒரு தையல்கடைக்கு மேலே மாடியறை பிடித்து ஸ்டுடியோ வைத்தார். தமிழ் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. வந்தவர்கள் எல்லாம் நம் ஆட்கள். ஒரு வருடம் போல ஓடியது. அதற்குள் சண்டை வந்துவிட்டது. வியன்னாவை ஹிட்லர் பிடித்திருந்ததால் அவர் கையில் இருந்ததோ ஜெர்மன் பாஸ்போர்ட். யூதன் என்று ஜெர்மன்காரன் விரட்டினான், ஜெர்மன்காரன் என்று இங்கிலீஷ்காரன் பிடித்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. முள்வேலி முகாமுக்கென்று ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது, கீழ்க்கடைத் தையல்காரர் டின்களைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தாராம். அவற்றோடு போட்டோகிராபர் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டார். அங்கே பழங்களை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாரே தவிர, அப்புறம் ஒரு முகத்தையும் படம் பிடிக்கவில்லை.

ஸ்கேன் முடித்து வெள்ளிக்கிழமை டின்களோடு ஹன்னா ஊர் திரும்புவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை தோ பாயோவிலிருந்து தங்கராசு அங்கிள் என்று ஒரு பெரியவர் பக்கத்துக் கடைக்குப் பூ வாங்க வந்தார். நாங்கள் மாதிரிக்குக் கண்ணாடிக்குள் வைத்திருந்த நாலு படங்களைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"இது அந்த மாடி ஸ்டுடியோதானேம்மா? தமிழ் தெரியாத வெள்ளைக்காரரு எடுத்தது? எங்கம்மா சொல்லியிருக்காங்க."

அவருடைய அப்பா மாணிக்கம், பெண் வீட்டுக்கு அனுப்புவதற்காக அங்கே ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டார். கல்யாணம் ஆயிற்று. அந்தப் படம் பெண் வீட்டோடு போயிற்று. தங்கராசு கைக்குழந்தையாக இருக்கும்போது, சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் மாணிக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை.

"எனக்கு எண்பத்து மூணு ஆச்சு லா. அப்பா மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாது. திதிக்கு வெறும் விளக்கை வெச்சுத்தான் கும்புடறேன்."

முகம் தெரியாதவரை முகத்தை வைத்துத் தேட முடியாது. பெயர்தான் ஒரே வழி. ஒவ்வொரு நெகட்டிவும் ஒரு காகித உறையில். உறையின் மேல் எண். எண்ணுக்கு நேராக நோட்டில் பெயர். மூன்று நாள் தேடினேன். மாணிக்கம் என்று ஒருவரும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அதைச் சொன்னேன். "பரவால்லம்மா," என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. மின்விசிறிக்கு அடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

ஸ்கேன் முடிந்ததா என்று பார்க்க வந்திருந்த ஹன்னா, விஷயம் என்ன என்று கேட்டார். சொன்னேன். தானும் இப்படித் தேடியவள்தான் என்றார் அவர். முகாம் பதிவேடுகளில் அப்பாவின் பெயரையே காணோமாம். யூத ஆண்களின் பாஸ்போர்ட்டில் எல்லாம் இஸ்ரேல் என்று ஒரு பெயரை ஹிட்லர் அரசு வலுக்கட்டாயமாகச் சேர்த்திருந்தது. இங்கிலீஷ் குமாஸ்தா அதையே குடும்பப் பெயராக எழுதிவிட்டான். "ஒருநாளும் அவர் கையெழுத்தில் போடாத பெயரில் அவரைக் கண்டுபிடித்தேன்," என்றார்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். பதின்மூன்று வருடமாக அப்பன் பெயரில் நடமாடுகிறவளுக்கு இது தோன்றவில்லையே!

"அங்கிள், உங்க தாத்தா பேரு என்ன?"

"சின்னக்கண்ணு."

வியன்னாக்காரர் அவருடைய ஊர் வழக்கப்படி முதலில் குடும்பப் பெயரைக் கேட்டிருப்பார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறார் போலும் என்று மாணிக்கம் அப்பன் பெயரைச் சொல்லியிருப்பார். நோட்டில் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது: சின்னக்கண்ணு, எம்.

திரையில் படம் வந்தது. இருபத்திரண்டு வயது இருக்கலாம். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு. நீளமான கைக்குள்ளிருந்து விரல் நுனி மட்டும் தெரிந்தது. காதுகள் இரண்டும் விடைத்துக்கொண்டு நின்றன. அங்கிளின் கை தன்னையறியாமல் தன் காதுக்குப் போயிற்று. அதே காது.

"என் பேரனைவிடச் சின்னப் பிள்ளையா இருக்காரேம்மா," என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

ஹன்னா கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது என் அப்பாவின் கோட்டு," என்றார். வியன்னாவில் தைத்தது, ஆஸ்திரேலியாவிலும் குளிர்காலம் முழுக்க அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாராம். படம் எடுக்க வந்தவருக்குத் தன் ஒரே கோட்டைக் கழற்றி மாட்டி விட்டிருக்கிறார்.

அதைச் சொன்னதும் அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்க அப்பா படம் ஒண்ணு கேளும்மா. எங்கப்பா பக்கத்துல வெச்சுக்கறேன்."

பாஸ்போர்ட்டில் இருந்த படம்தான் ஹன்னாவிடம் இருந்தது. அதே கோட்டு. இடது தோள் மேலே, கழுகு போட்ட வட்ட முத்திரை ஆழமாகப் பதிந்திருந்தது.

"கருடனாட்டம் இருக்கு. கவர்மெண்ட் சீல், மரியாதையா இருக்கு லா. அதை எடுத்திடாதீங்க."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. அது யாருடைய முத்திரை என்று சொன்னேன். அங்கிள் படத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

"விரட்டுனவன் போட்ட சீலா? அதைப் போயி சாமி மாடத்துல வெக்கறதா?"

ஹன்னாவுக்கு மொழிபெயர்த்தேன். "பாஸ்போர்ட்டில் அது இருக்கட்டும். அதை யாரும் அழிக்கக் கூடாது," என்றார். "இவர் வீட்டுக்கு வேண்டாம்."

வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரில் முத்திரையை எடுத்தேன். எடுத்த இடத்தில் துணியே இல்லை. மை எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. அங்கே வைத்துத் தைக்க ஒரு தோள் வேண்டும். அதே கோட்டு, அதே பக்கம், இன்னொரு படத்தில் இருந்தது.

இப்போது இரண்டு படங்களும் தோ பாயோவில் ஐந்தாவது மாடி வீட்டில், சாமி மாடத்தில் இருக்கின்றன. மாணிக்கத்தின் நெற்றியில் சந்தனம் வைத்தாயிற்று. மற்றவருக்கும் வைக்கலாமா என்று ஹன்னாவைக் கேட்டு எழுதச் சொன்னார் அங்கிள். உங்கள் வீட்டு மனிதருக்கு என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள் என்று பதில் வந்தது. பார்ப்பவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வியன்னாக்காரரின் இடது தோள் மாணிக்கத்தினுடையது.