சாம்பார் ஊற்றிய மாதங்கள்

சித்தூரில் ஒரு பஸ் கம்பெனி கண்டக்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் போய் உட்கார்ந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழ் எழுதுவேன், தெலுங்கை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். கம்பெனிக்கோ மனு இங்கிலீஷில் வேண்டுமாம்.

"எந்த ராஜ்யம்னு போடறது?" என்றுதான் முதலில் கேட்டார். எங்கள் ஊர் சத்தியவேடு பக்கம். சென்னைக்கா ஆந்திராவுக்கா என்று எல்லைப் பேச்சு அப்போது முடியவில்லை.

"நீங்களே பாத்துப் போடுங்க."

"ஊர் பேரு மட்டும் போடறேன். இது போய்ச் சேர்றதுக்குள்ள உன் ஊரு எங்கனா போய்டப் போவுது."

பிறகு முன்பு செய்த வேலைகளைக் கேட்டார். நைனாவோடு சேர்ந்து ஊரில் செத்த மாட்டை இழுத்துப்போய்த் தோலுரித்தது. ரேணிகுண்டா ரயில் ஷெட்டில் எஞ்சின் சாம்பல் அள்ளியது; அங்கே கங்கு விழுந்த இடத்தில் என் காலில் இன்றும் முடி முளைப்பதில்லை. அலிபிரியில் மலையேறுகிறவர்களுக்கு மூட்டை சுமந்தது. அப்புறம் திருப்பதி ஓட்டல் ஒன்றில் சில மாதம் சப்ளையர்.

மாடு என்றதுமே பேனாவைத் தூக்கிவிட்டவர், ஓட்டல் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ளயா? பந்தியிலயா?"

"ஆமா. சாம்பார் வாளி."

"உன்ன எப்பட்ரா வுட்டாங்க?"

"நகரிப் பக்கம், வெள்ளாமைக் குடும்பம்னு சொன்னேன். பிரம்மோற்சவக் கூட்டம், ஆள் பத்தல. குடுத்துட்டாங்க."

அங்கே யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. சலித்துப்போய் நானாகத்தான் கிளம்பினேன்.

"சொல்றதக் கேளு. சாம்பல், மூட்டை ரெண்டும் இருக்கட்டும். மாட்ட வுட்டுடு. ஓட்டல் பேச்சே எடுக்காத. கண்டக்டர் கையில காசுப் பை இருக்கும், நம்பிக்கையான ஆளுன்னு ஊர் முன்சீப்பு கிட்டருந்து கடுதாசி வேணும்பான் கம்பெனிக்காரன். அதுல உன் சேரி வந்துரும். சேரிக்காரன் சாம்பார் ஊத்துனான்னு தெரிஞ்சா செருப்புதான்."

"தீண்டாம கூடாதுன்னு சட்டம் வந்துட்சே, சாமி."

"சட்டம் கோர்ட்ல கீது. சோத்து நேரத்துல அதையும் பூட்டிக்கினு போய்டுவாங்க."

யோசித்தேன். சாம்பல் அள்ளினவன், மூட்டை தூக்கினவன் கையில் யார் காசுப் பையைக் கொடுப்பார்கள்? நான் செய்ததில் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று செய்த வேலை அது ஒன்றுதான். "எழுதுங்க" என்றேன். எழுதினார்.

கம்பெனி மேனேஜர் நிஜமாகவே நகரிப் பக்கத்து வெள்ளாமைக் குடும்பத்துக்காரர். மனுவைப் படித்ததும் முகம் மலர்ந்தது.

"அந்த ஓட்டலா! உக்காருப்பா, உக்காரு. திருப்பதிக்குப் போனா எனக்கு அங்கதான் சாப்பாடு. அந்தக் கூட்டத்தையே சமாளிச்சவனுக்கு பஸ்ஸு எம்மாத்திரம்?"

பெஞ்சில் உட்கார்ந்தேன். அலமாரியிலிருந்து புதுத் தோல்பையை எடுத்து என் கையில் கொடுத்தார். வாரைத் தோளில் மாட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவர் முன்சீப்புக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

"எந்தத் தெருப்பா?"

முன்சீப்புக்கு என்னைத் தெரியும். பொய் சொல்ல வழியில்லை.

"தெரு இல்லீங்க. ஊருக்கு வெளிய. சேரி."

பேனா நின்றது.

"எழுந்திருடா."

எழுந்தேன். பையை மேஜைமேல் வைக்கப் போனேன். "கீழ வை" என்றார். வைத்தேன்.

"எந்த எந்த மாசம் அங்க இருந்த?"

"புரட்டாசியிலருந்து தை வரைக்கும்."

"கார்த்திகையில எங்கம்மாவக் கூட்டிக்கினு போனேன். வெள்ளச் சேலை. மூலை எலையில உக்காந்தாங்க. அவங்களுக்கு ஊத்துனது யாரு?"

வெள்ளைச் சேலைக் கிழவிகள் அங்கே தினமும் வருவார்கள். "ஞாபகம் இல்லீங்க. ஆனா சாம்பார் வாளி என் ஒருத்தன் கையிலதாங்க இருந்துச்சு."

பக்கத்து மேஜை குமாஸ்தா சும்மா இருந்திருக்கலாம். "அந்த சாம்பார் மாதிரி வராதுன்னு ஆபீஸ் பூரா சொல்லிக்கினு இருந்தீங்களே, சார்" என்று சிரித்துவிட்டான்.

மேஜைமேல் கிடந்த ரூல்தடி பறந்து வந்து என் புருவத்துக்கு மேல் பட்டது. குமாஸ்தாமேல் அல்ல, என்மேல். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. துடைத்துக்கொண்டேன். மேனேஜர் மனுவைத் தரையில் போட்டார், பேனாவை அதன்மேல் போட்டார்.

"ரெண்டாவது வரி. அடி."

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. குனிந்து வரியை எண்ணி அடித்தேன்.

"நான் ஓட்டல்ல வேல செய்யலன்னு சொல்லு."

"நான் ஓட்டல்ல வேல செய்யலீங்க."

"அவனுக்குக் கேக்கட்டும்."

உரக்கச் சொன்னேன். குமாஸ்தா தலை நிமிரவில்லை.

"வெளிய எங்கனா இதச் சொன்ன, எங்கம்மா காதுல வுழுந்துச்சு, உன்ன உரிச்சிடுவேன்." மனுவை எடுத்து மறுபடி பார்த்தார். "சாம்பல், மூட்டை. இது போதும். வண்டி கழுவ ஆளு வேணும். இருக்கறியா?"

அன்று காலையிலிருந்து நான் எதுவும் தின்றிருக்கவில்லை. "இருக்கறேங்க. முன்சீப்பு கடுதாசி?"

"வண்டி கழுவறவனுக்கு எதுக்குக் கடுதாசி? வெளக்கமாத்தத் திருடிக்கினு போனா போ."

பின்பக்கக் கொட்டகையில் மலைவண்டி வந்து நின்றிருந்தது. ஏறி இறங்கின வளைவுகளில் ஜனங்கள் வாந்தி எடுத்திருந்தார்கள். அங்கே இருந்த மூத்த ஆள் என் புருவத்தைப் பார்த்தார்.

"முன்ன இன்னா வேல செஞ்ச?"

"ரேணிகுண்டால சாம்பல். அலிபிரில மூட்டை."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டு, கடைசி சீட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.