அந்தஸ்துக்கேற்ற களைப்பு

“பாவம், கம்ப்ளீட் பர்ன் அவுட்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார் நிர்வாக அதிகாரி. இம்முறை விற்பனை மேலாளருக்கு. போன வாரம் தலைமைப் பொறியாளர் ‘அட் த எண்ட் ஆஃப் ஹிஸ் ரோப்’. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் கயிற்றின் முடிவைப் பற்றிப் பேசலாமா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

யாராவது சோர்ந்து உட்கார்ந்தால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். மேசைக் கண்ணாடிக்கு அடியில், சொந்தக் கையெழுத்தில், இருபத்திரண்டு ஆங்கிலத் தொடர்கள் வைத்திருக்கிறார். பெயர் வைத்துவிட்டால் துன்பம் பாதி தீர்ந்தது என்பது அவர் நம்பிக்கை. மீதிப் பாதியைப் பற்றி அவர் விசாரிப்பதில்லை.

ஆனால் எல்லாத் தொடரும் எல்லாருக்கும் கிடையாது. அதிகாரிகளுக்குப் பர்ன் அவுட். குமாஸ்தாக்களுக்கு வெறும் ஸ்ட்ரெஸ். அதற்குக் கீழே போனால் தமிழ்தான்: சோம்பல்.

நேற்று, புகார்த் தொலைபேசி எடுக்கும் பெண் மூன்று நாள் விடுப்பு கேட்டு விண்ணப்பத்தை நீட்டினாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் அலறலை ஒன்பது வருடமாகக் கேட்கிற காது அவளுடையது.

“முடியல சார். வீட்ல பொண்ணு ‘அம்மா’ன்னு கூப்பிட்டா, ‘எந்த மாடிங்க?’ன்னு கேக்கறேன். அது முழிக்குது.”

“நல்ல ஜோக்கும்மா!”

“ஜோக்கு இல்ல சார். மேல அனுப்பறப்ப உங்க இங்கிலீஷ்ல ஒண்ணு போட்டு விடுங்க. அது இருந்தாத்தான் லீவு தர்றாங்க.”

“சும்மா அப்படிப் போட முடியுமா? அதுக்கெல்லாம் ஒரு லெவல் இருக்கு. உனக்கு வெறும் அலுப்பு. நல்லாத் தூங்கு, சரியாயிடும்.”

“தூக்கம் வந்தா உங்ககிட்ட எதுக்கு சார் வந்து நிக்கறேன்?”

அடுத்த அறையில் அவளுடைய தொலைபேசி அடித்தது. “இதுல அப்படி என்னம்மா கஷ்டம், பாரு” என்று, விண்ணப்பமும் கையுமாக எழுந்து போய், தாமே எடுத்தார். ஒரு பெண்ணின் குரல், பின்னாலேயே வந்து வாசலில் நின்ற அவளுக்கும் கேட்டது. “ஒரே இருட்டா இருக்கு! குழந்தை வீல் வீல்னு கத்துது! யாராவது வாங்களேன்!”

அதிகாரியின் வாய் திறந்தது. “ஹலோ... ஹலோ...” என்றார். “மேடம், ஹலோ...” ரிசீவரை, சுடுகிற பாத்திரம் போல, அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். “பயப்படாதீங்கம்மா. ஆள் கிளம்பிடுவாங்க. நான் போனை வைக்க மாட்டேன், பேசிட்டே இருங்க.”

அவர் அவளுடைய நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். கையிலிருந்த விடுப்பு விண்ணப்பத்தை இரண்டாக மடித்து, விசிறிக்கொண்டார்.