பூமாலை வைத்த பொட்டு

கச்சிராயபாளையத்தில் பூமாலையைத் தேடுகிறவர்கள் முதலில் லாரியைத்தான் தேடுவார்கள். லாரி நிற்கிற இடத்தில் ஆள் இருப்பார், அனேகமாக அதன் அடியில். தலை உள்ளே, கால் வெளியே. அந்தக் காலைத் தட்டித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

லாரி அவருடையது இல்லை, செபாஸ்தியானுடையது. மீசை கறுத்திருந்த காலத்தில் அதில் கிளீனராக ஏறிய பூமாலை, நரைத்த பிறகும் இறங்கவில்லை. வெள்ளிமலைக்குச் சிமெண்டு ஏற்றிப் போவார்கள். திரும்பும்போது மரவள்ளிக் கிழங்கு. ஒருவர் ஓட்டினால் இன்னொருவர் பக்கத்தில். முன் கண்ணாடிக்கு மேலே மாதா படம், கீழே பூமாலை கட்டிய எலுமிச்சம்பழம். யாராவது கேட்டால், "ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க, நாம ரோட்டப் பாத்தா போதும்" என்பார் செபாஸ்தியான்.

முந்தின வருஷக் கோடையில் செபாஸ்தியான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பெட்டியைக் கல்லறைவரை சுமந்தவர்களில் பூமாலையும் ஒருவர். மறுநாள் எப்போதும்போல லாரியை எடுத்தார். அவர் அழுததை யாரும் பார்த்ததில்லை. பக்கத்து இருக்கையில் மட்டும் அதற்குப் பிறகு ஒருவரையும் உட்கார விடவில்லை.

இந்தத் தை மாதம் லாரி எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. பின் சக்கரங்களுக்கு நடுவே பானைபோலப் புடைத்திருக்கும் டிப்ரன்ஷியல் இருக்கிறதே, எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டு போய்ச் சேருகிற அதன் மூக்கில்தான் கசிவு. கள்ளக்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கும் ஜீவா டீசல் ஊற்றிக் கழுவி, மூக்கில் எண்ணெயைத் தடுக்கும் 'சீல்' என்கிற ரப்பர் வளையத்தை மாற்றினார். ஒழுகியது. மறுபடியும் மாற்றினார். மறுபடியும் ஒழுகியது.

"இன்னாயா, லாரி ஓட்றியா, ரோட்டுக்கு எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டிக்கினு போறியா?" என்றார் ஜீவா. "சீல் புதுசு. இதுக்கு மேலன்னா மொத்தமா எறக்கணும். வண்டிக்கும் வயசாவுதுல்ல?"

செபாஸ்தியானின் மனைவி ஆனந்தமேரி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"குடுத்துடலாம் தம்பி. திருக்கோவிலூர்லேர்ந்து பழைய இரும்புக்காரரு ஞாயித்துக்கெழம வரேன்னாரு."

"வெட்றதுக்கா அண்ணி?"

"பின்ன, கொலுவுலயா வெப்பாரு? நடு மலையில நின்னு பூட்டா இன்னா பண்ணுவ? உனக்கு ஒண்ணு ஆச்சின்னா உன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

பூமாலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட சனிக்கிழமைச் சிமெண்டை மட்டும் இறக்கிவிட்டு வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை புறப்படுமுன் அடியில் புகுந்து பார்த்தார். சொட்டு இல்லை. மலையடிவாரத்தில் நிறுத்திப் பார்த்தார். அங்கேயும் இல்லை. வளைவுகளெல்லாம் ஏறி வெள்ளிமலையில் நிறுத்தியதும், மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. தொட்டால் கை சுட்டது. எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, ஊற்றுகிற துளையின் திருகைத் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்று சீறி, முகமெல்லாம் எண்ணெய் தெறித்தது.

பூமாலை முகத்தைத் துடைக்காமல் அப்படியே கிடந்தார். எப்போதும் காலையில் ஆறின வண்டியில்தான் இதைத் திறந்திருக்கிறார். ஒருநாளும் இப்படிச் சீறியதில்லை. சூட்டில் உள்ளே காற்று விம்முகிறது. வெளியே போக வழியில்லாமல், விசில் அடைத்த குக்கர் மாதிரி, சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயைத் துப்புகிறது. அந்தக் காற்று வெளியேறத்தானே டிப்ரன்ஷியலின் உச்சியில் ஒரு சின்ன மூடி இருக்கிறது?

பக்கவாட்டில் நுழைந்து மேலே கையை விட்டுத் துழாவினார். மூடி இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியாக ஒரு கட்டி. திருப்புளியால் பெயர்த்து எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மேலே மண், உள்ளே மஞ்சள். கீறி முகர்ந்தார். சந்தனம்.

அவர் வைத்த சந்தனம்தான். ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் விரல் நுனியால் பொட்டு வைப்பவர், டிப்ரன்ஷியலுக்கு மட்டும் கை நிறைய எடுத்து அப்புவார். பாரமெல்லாம் இழுக்கிறவன் அவன், அவனுக்குக் கம்மியாக வைப்பதா? உச்சியில் அந்த மூடி சின்னத் தலைபோல நிமிர்ந்திருப்பதும் வசதியாகப் போயிற்று.

ஜீவாவுக்குப் போன் போட்டார். "மேல மூடியப் பாக்கலியா நீ?"

"சாமிக்கு வெச்ச சந்தனம்யா! அதும்மேல டீசல் ஊத்தினேன்னு தெரிஞ்சா எங்கம்மா என் கைய ஒடிச்சிடும். சுத்திக் கழுவிட்டு அத்த வுட்டுட்டேன்."

துளையைக் கம்பியால் குத்தி, மூடி விரலுக்குச் சுழலும்வரை சுத்தம் செய்து, எண்ணெய் ஊற்றி, கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கினார். அடிவாரத்தில் லாரிக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டு ஒரு டீ குடித்து வந்து பார்த்தார். தாள் காய்ந்தே கிடந்தது. ஆனால் சந்தோஷம் முழுதாக வரவில்லை. இத்தனை வருஷமும் இதே பொட்டுத்தானே வைத்தார்? அப்போதெல்லாம் ஏன் ஒழுகவில்லை?

கட்டியை அந்தத் தாளிலேயே மடித்து ஆனந்தமேரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"ஒழுகல் நின்னு போச்சி அண்ணி. நாந்தான் அதும் மூச்ச அடைச்சி வெச்சிருக்கேன்."

ஆனந்தமேரி பிரித்துப் பார்த்தார். முகர்ந்தார். திடீரென்று சிரித்தார்.

"இதுக்குத்தானா! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாளு என் பல்லு பிரஷ் காணாமப் பூடும். தேடினா, உங்கண்ணன் அத்த எடுத்துக்கினு வண்டிக்கு அடியில பூந்துக்கினு இருப்பாரு. கேட்டா, 'பூமாலை ஆசையா பொட்டு வெச்சிருக்கான், அது வண்டி மூச்ச அடைக்கிது'ம்பாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அண்ணி."

"சொல்ல வேணாம்னுட்டாரு. 'சொன்னா அப்புறம் வெக்க மாட்டான்டி'ன்னாரு."

பூமாலை தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. காரணம் கேட்டபோது, மலையில் தெறித்த எண்ணெய் கண்ணில் எரிவதாகச் சொன்னார். ஆனந்தமேரி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தபோது இரும்புக்காரர் வாசலில் நின்றார். ஆனந்தமேரி அவருக்குக் காபி கொடுத்து, "வண்டி ஓடிக்கினு இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பூமாலை டிப்ரன்ஷியலின் வயிற்றில், மூடியைவிட்டு நன்றாகத் தள்ளி, சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். வெளியே நீட்டியிருந்த காலை யாரோ தட்டினார்கள்.

"மேல வெக்கலியா தம்பி?" ஆனந்தமேரியின் குரல்.

"வேணாம் அண்ணி."

"வெய்யி. எப்பவும் வெக்கிற எடத்துலயே வெய்யி." அவர் குனிந்து பார்த்தார். "பிரஷ் புதுசா வாங்கி வெச்சிருக்கேன். நாளைக்கி நான் தொடச்சிக்கிறேன்."

பூமாலை சந்தனக் கிண்ணத்துக்குள் கையை விட்டார். கை நிறையவே எடுத்தார்.