முன்னுரைக்கு அடைவு கிடையாது

அந்த வீட்டுக்கு நான் போனது ஒரு இடுப்பெலும்புக்காக. குளியலறையில் வழுக்கி விழுந்தவருக்குத் தகடு வைத்துத் தைத்து, வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆறு வாரம் நர்ஸாகக் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எலும்பு ஒழுங்காகச் சேர்ந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அவருடைய தொழில் சொல்லடைவு தயாரிப்பது. கனமான ஆய்வு நூல்களின் கடைசியில், எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகரவரிசையில் ஒரு பட்டியல் இருக்குமே, அது. யாரோ ஒருவர் உட்கார்ந்துதான் அதைச் செய்கிறார் என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. முப்பத்தைந்து வருடம் ஒரே பதிப்பகத்துக்குச் செய்தவர். ஒரு சொல்லைத் தேடி வந்தவரை 'காண்க' என்று போட்டு இன்னொரு சொல்லுக்கு விரட்டுவதில் அவருக்கு அலாதி ஆசை. பதிப்பகத்தில் அவருக்குக் 'காண்க சார்' என்றே பெயர்.

கல்யாணமான புதிதில், எழுதிய அட்டைகளை அகரவரிசையில் அடுக்க மனைவியை உட்கார வைத்திருக்கிறார். இரண்டே வருடத்தில் அந்த அம்மா தனியாக நூல் வாங்கிச் செய்ய ஆரம்பித்துவிட்டார். வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இலக்கியமும் இயந்திரவியலும் அவருக்கு. தாவரவியலும், பிற்பாடு வந்த கணினி நூல்களும் அம்மாவுக்கு. கூடத்தில் இரண்டு மேசை, நடுவில் ஒரு அலமாரி.

அந்தப் பங்கீட்டில்தான் வினை. தாவரவியல் எழுதுகிறவர்கள் நன்றி மறக்காதவர்கள். முன்னுரையின் கடைசிப் பத்தியில், சொல்லடைவை அக்கறையோடு செய்துகொடுத்ததாக அம்மாவின் பெயரை முழுசாக அச்சிட்டார்கள். கணினி நூல்காரர் ஒருவர் அரைப்பக்கமே எழுதிவிட்டார். இவருக்கு முப்பத்தைந்து வருடத்தில் ஒரு வரி கிடையாது.

"இலக்கியக்காரன் செத்துப்போனவங்களுக்குத்தான் நன்றி சொல்வான் சிஸ்டர். மெக்கானிக்ஸ்காரன் பல்சக்கரத்துக்குச் சொல்வான்" என்றார், நான் அவர் காலைத் தூக்கித் தலையணை வைக்கும்போது.

"காலை ஆட்டாதீங்க சார்."

"அவளுக்கு மட்டும் பதினேழு தடவை. எண்ணி வெச்சிருக்கேன்."

எண்ணி வைத்ததோடு விடவில்லை. அரைப்பக்க நன்றி இருந்த கணினி நூல், அவர் மேசைக்கால் ஆடாமலிருக்க அடியில் கிடந்தது. ஒருமுறை ஒரு நூலாசிரியர், முன்னுரையில் வரும் பெயர்களையும் சொல்லடைவில் சேர்க்கச் சொன்னாராம். சேர்த்தால் மனைவி பெயர் புத்தகத்தில் இரண்டு இடத்தில் வரும். இவர் நேரே பதிப்பகத்துக்குப் போய் மேசையைத் தட்டி, முன்னுரை நூலின் பகுதியே அல்ல என்று வாதாடி, அதை விதியாகவே எழுத வைத்துவிட்டு வந்தார். 'முன்னுரைக்கு அடைவு கிடையாது.' தட்டச்சு செய்த அந்தத் தாள் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. நான் மருந்து வேளைகளை எழுதிய தாளை அதன் பக்கத்தில்தான் ஒட்டினேன்.

மூன்றாவது வாரம். அம்மாவின் கையில் இலைகளைப் பற்றிய ஒரு பெரிய நூல் இருந்தது. இது நன்றாக வந்தால், இதே ஆசிரியரின் அடுத்த ஐந்து தொகுதிகளும் அவருக்குத்தான் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டியலை வாங்கிப்போக ஆள் வரும். புதன்கிழமை அம்மா பட்டியலையும் கடைசி அச்சுப்படியையும் கட்டிலருகே வைத்துவிட்டு, அவருக்குக் கஞ்சி காய்ச்சப் போனார்.

சும்மா கிடந்தவர் கையை நீட்டி எடுத்தார். இலைத்துளை, பக்கம் 188 என்று இருந்தது. 188-ஐப் புரட்டினார். அங்கே இலைத்துளை இல்லை. 190-இல் இருந்தது. இன்னும் நாலைந்து பார்த்தார். எல்லாமே இரண்டு பக்கம் தள்ளி இருந்தன. ஆசிரியர் கடைசி நேரத்தில் 142-க்குப் பிறகு ஒரு தாள் நிறையப் படம் சேர்த்திருக்கிறார். இவருக்கு மாத்திரை கொடுக்கவும் எனக்குச் சமையலறையைக் காட்டவும் ஓடிக்கொண்டிருந்த அம்மா, மேசையில் கிடந்த பழைய அச்சுப்படியைப் பார்த்தே பட்டியலைச் செய்துவிட்டார்.

அவர் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பட்டியலை இருந்தபடியே வைத்துவிட்டார்.

அம்மா கஞ்சியோடு வந்தார். "என்னங்க, பார்த்தீங்களா? சரியா இருக்கா?"

"உனக்குத் தெரியாததா?"

அன்று கஞ்சி முழுவதும் உள்ளே போனது. மறுநாள் காலைச் சாப்பாட்டைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டார். நாடி தொண்ணூற்றாறு. காய்ச்சல் இல்லை, புண்ணில் சீழ் இல்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், எல்லாவற்றையும் சொன்னார்.

"நாளைக்கு இது போயிடும். அச்சாகும். அப்புறம் பதினெட்டாவது நன்றியை எப்படி எழுதுறான்னு பார்க்கிறேன்."

எனக்கு உபதேசம் செய்து பழக்கமில்லை. "அச்சாகாது சார். பதிப்பகத்துல யாராவது பார்த்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

"யாரு பார்ப்பா?"

"எனக்கென்ன தெரியும்? பிழை திருத்துறவர் இருப்பார் இல்ல?"

"அந்த மூக்குக்கண்ணாடியா?" முகம் கறுத்துவிட்டது. "அவன் ஒரு கால்புள்ளியைக் கண்டுபிடிச்சாலே ஊரைக் கூட்டுவான். இதை அவன் கண்டுபிடிக்கிறதா? நான் நேத்தே பார்த்தாச்சு!"

அதுவரை இரண்டு பேர் தூக்கிவிட்டால்தான் உட்காருவார். அன்று தானாக முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். நான் அதை நோயாளிக் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதி வைத்தேன்.

அம்மா வாசல் ஏறியதும் அவர் சத்தம் போட்டார். "இங்க வா! நூத்தி நாப்பத்திரெண்டுக்கு மேல எல்லாம் தப்பு! பழைய படியைப் பார்த்துப் போட்டிருக்கே!"

அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு வந்து, இரண்டு இடம் பார்த்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "எப்போ பார்த்தீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "நேத்து."

"நேத்து பார்த்துட்டு இன்னைக்குச் சொல்றீங்க." கோபமில்லாமல்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது. பிறகு பேனாவை எடுத்தார். "சரி, வாசிங்க. நான் திருத்துறேன்."

மாலை வரை இவர் பழைய எண்ணை வாசிக்க, அம்மா இரண்டைக் கூட்டி எழுத, கூட்டிய எண் சரிதானா என்று நான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நடுவில் ஒருமுறை அவருக்குப் பெட்பேன் வைத்தேன். அப்போதும் வாசிப்பதை அவர் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆள் வந்து வாங்கிப்போனார்.

ஐந்து மாதம் கழித்து, நடையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அன்றுதான் நூல் வந்திருந்தது. கைத்தடியோடு நின்றபடியே முன்னுரையைப் புரட்டினார். அம்மாவின் பெயர் முழுசாக இருந்தது. அதையடுத்து, 'கடைசி நேரத்தில் பெரும்பிழையைக் கண்டறிந்த அவருடைய கணவருக்கும்' என்று இருந்தது.

"கணவர்! எனக்குன்னு ஒரு பேர் இல்லையா? நீ என்னன்னு எழுதி அனுப்பினே?"

"பேரோடதான் எழுதினேன். அவங்க சுருக்கிட்டாங்க."

"பதினெட்டு ஆயிடுச்சு உனக்கு."

"உங்களுக்கு ஒண்ணு ஆயிருக்கே."

அவர் உட்கார்ந்து, அந்த வரியை இன்னும் இரண்டு தடவை படித்தார். பிறகு புத்தகத்தின் கடைசிக்குப் போய், 'க' வரிசையில் கணவரைத் தேடி விரலை மேலிருந்து கீழே இறக்கினார். அம்மா அலமாரிக் கதவில் இருந்த தாளைக் காட்டினார்.

"அந்த விதியை மாத்தணும்" என்றார் அவர்.

"மாத்தலாமே. மாத்தினா எனக்குப் பதினெட்டு இடத்துல வரும்."

அவர் புத்தகத்தை மூடிவிட்டார். நடை நன்றாக இருந்தது. கைத்தடியை இன்னும் ஒரு மாதத்தில் விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு நான் கிளம்பினேன்.