மூன்று கை உப்பு

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லாரும் பைண்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சகத்தில் அச்சடித்த தாள்களை மடித்து, தைத்து, அட்டை ஒட்டிப் புத்தகமாக்குகிற வேலை. மதியம் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. வேலையில் பசை, வீட்டில் மாவு. எந்த நேரம் பார்த்தாலும் விரல் இடுக்கில் ஏதோ ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் புருஷன் டைலர். குடித்தனம் மாடியில், கடை கீழே. அவள் படியிறங்கிப் போனதும் பிள்ளைகள் இரண்டும் அப்பா பொறுப்பு.

பெரியவளுக்கு ஐந்து வயது. அடுத்த வருடம்தான் பள்ளிக்கூடம். ஓயாமல் பேசுவதால் அவளுக்குக் குருவி என்று பெயர். சின்னவன் உருண்டை. பெயருக்கு விளக்கம் தேவையில்லை, பார்த்தாலே தெரியும்.

பிள்ளைகள் வாயில் கடைப் பொட்டலம் எதுவும் போகக் கூடாது என்பதில் பைண்டர் அக்கா பிடித்த பிடியாக நின்றாள். பாக்கெட்டைக் கிழித்துத் தட்டில் கொட்டுவதற்குச் சமையல் என்று பெயரா என்பாள். மாவைத் தானே பிசைவாள், தக்காளியைத் தானே வேகவைத்துத் தோலுரித்து வற்றக் காய்ச்சுவாள், சூப்புக்குக் காய்ந்த பயறை முந்தின நாளே ஊறப்போடுவாள். பக்கத்து வீட்டுக்காரிகள், “உனக்கு வேற வேலையே இல்லையா?” என்று கேலி செய்வார்கள். அவளுக்கு இருந்தது வேலை மட்டும்தான், ஆனாலும் அந்தக் கேலியை அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அதற்கொரு காரணம் இருந்தது. அவள் சித்தி வீட்டில் வளர்ந்தவள். சித்தி கொடுமைக்காரி இல்லை, பட்டினி போட்டதும் இல்லை. ஆனால் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் இவள் தட்டு நிறையும், அதுவும் ஆறிப்போய். சிறுவயதில் தனக்கென்று யாரும் அடுப்புப் பற்ற வைத்ததில்லை என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன் பிள்ளைகளுக்கு அது நடக்கக் கூடாது, அவ்வளவுதான். மாலையில் அவர்கள் பக்கத்தில் அவள் இருக்க முடியாது. அவள் கையால் செய்தது இருக்கும். பிள்ளைகள் அதைச் சாப்பிடுகிற நேரத்தில் தானும் அந்த வீட்டில் இருப்பதாக அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் அச்சகத்தில் அத்தனை தாள்களும் மடிந்தன.

அந்தச் சமையலறையில் இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாவது ஆள் மேஜைக்கு அடியில் உட்கார வேண்டும். உருண்டைக்குக் கவிழ்த்துப் போட்ட மாவு டின்தான் ஆசனம். தினமும் ஒரே காட்சிதான். அவன் ஒரு பிடி மாவைத் தலையில் கொட்டிக்கொள்வான், குருவி அதைப் பற்றிப் புகார் படிப்பாள், அம்மா ஒரு கையால் வெங்காயம் வதக்கிக்கொண்டே மறு கையால் நடுவர் வேலை பார்ப்பாள். வதக்கிய வெங்காயத்தையும் மசித்த உருளைக்கிழங்கையும் உள்ளே வைத்து ரொட்டி செய்து, கனமான இரும்புச் சட்டியில் மூடி போட்டுச் சுடுவாள். கடைசியில் மிஞ்சும் மாவு பிள்ளைகளுக்கு. குருவி அதைக் கயிறாகத் திரித்துச் சுருட்டி, இரண்டு மிளகைக் கண்ணாக வைத்து நத்தை செய்வாள். உருண்டை தட்டையாக்கி நடுவில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவான். அவன் கலை அத்தோடு முடிந்தது.

அதையும் சுட்டு, சாயங்காலத்துக்கு எடுத்து வைப்பாள். தான் செய்ததைத் தானே சாப்பிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அம்மாவுக்கென்று குருவி ஒரு குட்டி நத்தை தனியாகச் செய்து தருவாள். அது டப்பாவில் அச்சகத்துக்குப் போகும்.

இரவு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவள் கேட்பது ஒன்றே ஒன்று.

“சாப்பிட்டீங்களாடா?”

“நல்லா இருந்துச்சும்மா,” என்று குருவி ஓடி வருவாள். “இன்னைக்கு நத்தைய தலையிலேர்ந்து சாப்பிட்டேன்.” மறுநாள் வாலிலிருந்து. இன்னொரு நாள், “கண்ண மட்டும் கடைசி வரைக்கும் வச்சிருந்தேன். அது என்னையே பாத்துச்சு.” டைலர் உள்ளேயிருந்து, “தட்டை வழிச்சு நக்கிட்டாங்க,” என்பான். இந்த இரண்டு வரியைக் கேட்டுவிட்டால் போதும், நாள் முழுக்க நின்ற கால் வலி அவளுக்கு மறந்துபோகும். அவள் முகம் மலர்வதை டைலர் ஓரக்கண்ணால் பார்ப்பான். பாசமாகப் பார்க்கிறான் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மாவு பிசையும்போது குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடம் பிடிக்க ஓடினாள். அன்று உப்புப் போடும் முறை குருவியுடையது. அவள் ஜாடியில் கையை விட்டு அள்ளிப் போட்டாள். அக்கா போட்டால் தம்பி சும்மா இருப்பானா? அவனும் ஒரு கை அள்ளிப் போட்டான். அதற்காக அவள் அவன் முதுகில் ஒன்று வைக்க, அவன் வாயைத் திறந்து ஊரைக் கூட்ட, குடத்தை இறக்கிவிட்டு வந்த அம்மா, “உப்பு போட்டாச்சா?” என்று கேட்டது அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. பதில் வராததால் போடவில்லை என்று எடுத்துக்கொண்டு தானும் போட்டாள். பதமாகத்தான் போட்டாள், பாவம்.

அச்சகத்தில் இடைவேளையில் டப்பாவைத் திறந்து குட்டி நத்தையை ஒரு கடி கடித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். நாக்கு சுருண்டது. பக்கத்தில் அட்டை ஒட்டும் அக்கா, “என்னடி முழிக்கிற, குடு பாப்போம்,” என்று ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி பண்ணினாள். “கடலையே உள்ள வச்சு சுட்டிருக்கடி,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் பதறிற்று. பிள்ளைகள் வாயில் வைத்துத் துப்பியிருக்கும், பசியில் அழுதிருக்கும். டைலருக்குப் போன் போட்டாள். தையல் மிஷின் ஓடும்போது அவன் காதில் எதுவும் விழாது, எடுக்கவில்லை. அன்று மடித்த தாள்களில் பாதி கோணல், மேஸ்திரியிடம் திட்டும் வாங்கினாள்.

வரும் வழியில் வாழைப்பழமும், அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடை ரொட்டியும் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறினாள். அம்மா கை தவறிவிட்டது, மன்னிச்சுக்கோங்கடா என்று சொல்ல வாய் தயாராக இருந்தது.

“நல்லா இருந்துச்சும்மா,” என்று குருவி ஓடி வந்தாள். “நத்தைய வாலுலேர்ந்து சாப்பிட்டேன். தம்பி அவனோடத ஒரே வாயில முழுங்கிட்டான்.”

“அருமை போ,” என்றான் டைலர். “தட்டை வழிச்சு நக்கிட்டாங்க.”

பையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலிலேயே நின்றாள். முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா மனசு நோகக் கூடாதென்று அந்தக் கரிப்பைப் பொறுத்துக்கொண்டு பிள்ளைகள் தின்றிருக்கிறார்களே என்று நினைத்தாள். என்ன பிள்ளைகளைப் பெற்றிருக்கிறோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். பிறகு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். மதியம் அவள் நிரப்பி வைத்த குடிதண்ணீர்ப் பானை கழுத்து வரை அப்படியே இருந்தது. அந்த ரொட்டியில் ஒரு வாய் தின்றவர்கள் இந்தப் பானையைக் கவிழ்த்திருக்க வேண்டும். சூப்புச் சட்டி மட்டும் நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது. அன்று அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வாழைப்பழத்தைக் கொடுத்தாள். இரண்டும் ஆவலாகத்தான் தின்றன.

மறுநாள் காலை மாவைப் பிசைந்து மூடிவைத்துவிட்டுக் குப்பை கொட்டக் கீழே போனபோது, எதிர்க் கடை வாட்ச் ரிப்பேர்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு அவர் வாட்ச் மாமா.

“தங்கச்சி, ஒரு விஷயம்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “நேத்து ரொட்டியில உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் மூச்சு விடல. நானும் சாவிக்கடைக்காரரும் டீயில முக்கி முக்கி உள்ள தள்ளிட்டோம். ஆசையா செஞ்சு போடற மனுஷன், மனசு கஷ்டப்படும்ல.”

“யாரு செஞ்சு போடறது?”

“டைலர்தான். தினமும் புள்ளைங்களோட சேர்ந்து செய்யறாராமே. அந்த விரல் வச்ச ரொட்டி எனக்குன்னு எடுத்து வச்சிருவாரு, அது இல்லாம எனக்கு சாயங்காலமே ஓடாது. அவர் ஒரு வாய் தொடமாட்டாரு, செய்யும்போதே சாப்பிட்டாச்சும்பாரு. பாவம், நீங்களும் வேலைக்குப் போறவங்க. அடுப்புப் பக்கம் வர உங்களுக்கு ஏது நேரம்னு சொல்லுவாரு. உங்கள ஒரு நாளும் குறையா பேசினதில்ல, அதையும் சொல்லணும்.”

நல்ல மனுஷர். ஒவ்வொரு வார்த்தையையும் அன்பாகத்தான் சொன்னார். அவள் குப்பைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராகத் தையல் கடைக்குள் போனாள். டைலர் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். பெஞ்சுக்கு அடியில், துணி வெட்டுகளுக்கு நடுவில், காலி சிப்ஸ் பாக்கெட்டுகள் கசங்கிக் கிடந்தன. தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போகிறவள் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

“ரொட்டி யாரு செய்யறது?”

அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரித்து மழுப்பப் பார்த்தான்.

“அட, இதுக்குப் போயா? ஒரு நாள் அவருக்கு ஒரு துண்டு குடுத்தேன். நீ செஞ்சதான்னு ஆச்சரியமா கேட்டாரு. சும்மா ஒரு பேச்சுக்கு ஆமான்னுட்டேன். அப்புறம் எப்படி மாத்திப் பேசறது? வீட்டுச் சாப்பாடு, யாரு செஞ்சா என்ன?”

“புள்ளைங்க என்ன சாப்பிட்டாங்க?”

அவன் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகினான். “சூப்பு குடுப்பேன். சில நாள் அவங்களுக்கு அதுவும் வேண்டாம். பன்னு, சிப்ஸ்னா உயிர விடறாங்க. அழுதா நான் தைக்கிறதா, சமாளிக்கிறதா?”

“என்கிட்ட பொய் சொல்ல அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

“உனக்காகத்தான் சொல்லச் சொன்னேன். நீ கேக்கறப்ப உன் மூஞ்சி எப்படி மலரும்னு உனக்குத் தெரியாது. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல.”

தனக்கு வருவது கோபம் என்று நினைத்தாள், ஆனால் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. தன் சந்தோஷத்தையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கிறானே என்றிருந்தது. “தலையிலேர்ந்து சாப்பிட்டேன், வாலுலேர்ந்து சாப்பிட்டேன்னு தினமும் ஒரு கதை. அஞ்சு வயசுக் குழந்தைய உக்கார வச்சு இப்படியெல்லாம் சொல்லிக் குடுக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“அது நான் இல்ல,” என்றான் அவன். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. “நல்லா இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லச் சொன்னேன். நத்தைக் கதையெல்லாம் அவளா சொன்னது.”

புருஷன் பெருமைக்கு அலைந்தான், அது ஒரு வலி. அதைத் திட்டித் தீர்க்கலாம், பேசாமல் இருந்து தீர்க்கலாம். அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்து, தலையும் வாலும் கண்ணுமாக ஒவ்வொரு நாளும் புதுசாகக் கட்டிக் கொடுத்தது அவள் வயிற்றில் பிறந்தது. அதை எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மெதுவாகப் படியேறினாள்.

மேலே இரண்டும் மாவுக்காகக் காத்திருந்தன. அவள் எதையும் காட்டிக்கொள்ளாமல் அடுப்பைப் பற்ற வைத்தாள். உப்பை அன்று அவளே போட்டாள், ஒரே தடவை, நாக்கில் வைத்துப் பார்த்து. குருவி நத்தையைச் சுருட்டி மிளகுக் கண் வைத்தாள். உருண்டை விரலை அமுக்கினான். சாயங்காலம் வரை வைக்கவில்லை. சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு இரண்டு தட்டில் போட்டுத் தரையில் வைத்தாள்.

“இப்பவே சாப்பிடுங்க. அம்மா பாக்கணும்.”

உருண்டை தன் தட்டை மறுபக்கம் தள்ளினான். “இது வாட்ச் மாமாவுக்கு,” என்றான். அவனுக்குப் பொய் சொல்லும் வயது இன்னும் வரவில்லை.

குருவி தம்பியை முறைத்தாள். பிறகு அம்மா முகத்தைப் பார்த்தாள், கீழே கடைக்குப் போகும் படியைப் பார்த்தாள். நத்தையைக் கையில் எடுத்தாள். திருப்பினாள், மறுபடி திருப்பினாள். தலையிலிருந்து தொடங்குவதா வாலிலிருந்தா என்று அவளுக்கு விளங்கவில்லை. இதுவரை ஒன்றைக்கூடத் தின்றதில்லை என்பது அந்தத் திருப்பலிலேயே தெரிந்தது. கடைசியில் நடுவில் ஒரு கடி கடித்தாள். சூடு. வாயைத் திறந்து ஊதி ஊதி மென்றாள். அம்மா தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

விழுங்குவதற்கு முன்னாலேயே, “நல்லா இருந்துச்சும்மா,” என்றாள். தினமும் வாசலில் ஓடி வந்து சொல்லும் அதே குரல்.

“நிஜமாவாடி?”

குருவி தலையாட்டினாள். தினமும் ஆட்டுவதைப் போலவே ஆட்டினாள்.